‘திட்டத்தில் இல்லை’ என்று சொல்கிற வேலை

அரசு காப்பீட்டுத் திட்டத்தின் உதவி மேசையில் உட்காருகிறவருக்கு வேலை ஒன்றுதான்: யாரோ எங்கோ எடுத்த முடிவைத் தன் வாயால் சொல்லித் திட்டு வாங்குவது. புனேயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் எனக்கு அந்த மேசை. அப்பா கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். தமிழ், ஹிந்தி, மராத்தி மூன்றிலும் ‘இல்லை’ சொல்ல வரும் என்றுதான் என்னை வைத்திருக்கிறார்களோ என்னவோ! ரேஷன் கடையோ, மின்சார ஆபீஸோ, வங்கியோ, ஏதாவது ஒரு கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, நீங்கள் போடாத சட்டத்துக்காக வசவு வாங்கியவரா நீங்கள்? வாருங்கள், நாம் ஒரே கட்சி.

கால் கட்டு

புனேயை ஒட்டிய போசரியில் லேத் பட்டறைத் தொழிலாளி ஏழுமலை. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். சர்க்கரை வியாதி, பாதத்தில் ஆறாத புண். அவர் மனைவி தனம்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தார். தினமும் சுத்தம் செய்து கட்டுப்போட்டு, புண்ணில் பாரம் விழாத செருப்பு மாட்டினால் காலைக் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் எங்கள் திட்டத்தில் படுக்கையில் சேர்ந்தால்தான் செலவு கிடைக்கும். வந்து போகிற வைத்தியத்துக்கு இல்லை. செருப்புக்கு இல்லவே இல்லை. சொன்னேன். கொஞ்ச நாள் கைக்காசில் கட்டுப்போட்டார்கள். அப்புறம் ஏழுமலை அதே காலோடு பட்டறைக்குப் போய், பழையபடி நாளெல்லாம் நிற்க ஆரம்பித்துவிட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் ஸ்ட்ரெச்சரில் வந்தார். பாதம் கறுத்துப் போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும். அதற்குத் திட்டத்தில் தாராளமாக இடம் உண்டு. விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு டீ குடித்து வருவதற்குள் அனுமதி வந்துவிட்டது. அத்தனை வேகமாக எதுவுமே வந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. தனத்திடம் போய்ச் சொன்னேன். அவர் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்: “அப்ப வெட்றதுக்குக் காசு தருவாங்க, வெட்டாம இருக்கறதுக்குத் தர மாட்டாங்க. இத யாரும்மா உக்காந்து யோசிச்சது?”

ஒரே வியாதி

ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேர். ஒருவர் துணிக்கடை முதலாளி, இன்னொருவர் ஆட்டோ ஓட்டும் சலீம் பாய். இருவருக்கும் ஒரே ரத்தப் புற்றுநோய், ஒரே டாக்டர். இருவருக்கும் எழுதிக் கொடுத்த மாத்திரையும் ஒன்றுதான், அது திட்டத்தில் இல்லை. கடைக்காரரின் மைத்துனர் அரசியல் செல்வாக்கு உள்ளவர். எங்கள் அதிகாரிக்கு ஒரு போன் வந்தது, கடைக்காரருக்கு மாத்திரை கிடைத்துவிட்டது. ‘விசேஷ அனுமதி’ என்று ஒன்று திட்டத்தில் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

விடுவேனா? சலீம் பாய்க்கும் அதே வார்த்தைகளில் விசேஷ அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டேன். நிராகரித்துவிட்டார்கள். அதிகாரியின் அறைக்கே போய்க் கத்தினேன். “அது வேற கேஸ்” என்று சொல்லிவிட்டு ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். திரும்பி வந்து சலீம் பாயிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி நின்றேன். அவரே எனக்குச் சமாதானம் சொன்னார்: “விடுங்க பஹன்ஜி, வியாதி ஒண்ணுதான். போன் நம்பர்தான் வேற வேற.”

ரோபோ வந்த கதை

பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே உடற்பயிற்சி வைத்தியம் கிடைக்க வழி செய்யுங்கள் என்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார்கள். பதிலே வரவில்லை. ஒருநாள் திட்டத்தில் புதிதாகச் சேர்த்தவை பற்றி அறிவிப்பு வந்தது. ஆவலாகப் பார்த்தேன். ரோபோவை வைத்துச் செய்யும் முழங்கால் மாற்று ஆபரேஷன்! என் மேசைக்கு வந்த ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் ‘கை எப்போ தூக்க வரும், சட்டைப் பித்தான் எப்போ போட வரும்’ என்பதுதான்.

அந்த இயந்திரத்தை விற்கும் கம்பெனியின் ஆள் பேடா டப்பாவோடு வந்து ஆஸ்பத்திரி முழுக்க இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயசு. நான் தமிழ் என்று தெரிந்ததும் அவருக்கு ஏக சந்தோஷம். நான் பேடாவைத் தொடவில்லை. “பக்கவாதக்காரங்களுக்குக் கேட்டது வரல, உங்களுது மட்டும் எப்படிங்க வந்துச்சு?” என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒளிக்கவும் இல்லை. “உங்க பேஷன்ட் யாராவது மும்பைக்குப் போய் ஆபீஸர்ங்களைப் பார்த்தாங்களா மேடம்? நாங்க போனோம்.”

கருத்துக் கேட்பு

அடுத்த முறை திட்டத்தை மாற்றும் முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்கப்போவதாகச் சொன்னார்கள். புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு ஹாலில், வேலைநாள் காலையில். அறிவிப்பு இணையதளத்தில், ஆங்கிலத்தில். யார் வருவார்கள்? நான் லீவு போட்டுவிட்டு, தனத்தையும், பக்கவாதம் வந்த கணவரைப் பார்த்துக்கொள்ளும் ஷிந்தே பாயி என்ற மராத்தி அம்மாவையும் ஆட்டோவில் அழைத்துப் போனேன். ஹாலில் டாக்டர்கள், ஆஸ்பத்திரி முதலாளிகள், மருந்துக் கம்பெனிக்காரர்கள். எங்களைப் பார்த்ததும் வாசலில் இருந்தவர் வெளிநோயாளிப் பிரிவு இது இல்லை என்று வழிகாட்டினார்!

கடைசியில் பேச விட்டார்கள். ஷிந்தே பாயி எழுந்தார். “எல்லாமே வேணும்னு கேக்க வரல. அரசாங்கத்துகிட்ட இருக்கறது கொஞ்சம்தான்னா, எதை முதல்ல தர்றீங்க, எதைத் தள்ளி வைக்கறீங்க, எதுக்காகன்னு எங்க எதிர்ல பேசுங்க” என்றார். அடுத்து தனம், ஏழுமலையின் காலைப் பற்றித் தமிழில் சொன்னார். நான் அதை மராத்தியில் சொன்னேன். கூட்டத்தை நடத்திய அதிகாரி தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்குக்கூட ஒரு நப்பாசை. ஆனால் பிறகு வந்த புது அறிவிப்பில் நாங்கள் சொன்னது எதுவும் இல்லை. அவருக்கே போன் போட்டு, ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். பொறுமையாகத்தான் பதில் சொன்னார்: “மக்கள் கருத்தைக் கேக்கணும்னுதான் விதி. கேட்டாச்சே!”

யார்?

ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை பார்க்கும் பழனிவேல், சேலத்துக்காரர். அவர் மகள் கவிதாவுக்கு உடம்பில் ஏதோ ஒரு நொதி சுரக்காத அபூர்வ வியாதி. ஊசி இருக்கிறது, யானை விலை. திட்டத்தில் இல்லை. நிராகரிப்புக் கடிதத்தில் காரணமாக ‘கொள்கை முடிவு’ என்று மட்டும் இருந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்றும் இருந்தது. செய்தோம். அதை விசாரித்தவர் யார் என்கிறீர்கள்? முதலில் நிராகரித்த அதே ஆள்! அதே பதில்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஊசியைத் திட்டத்தில் சேர்ப்பது சரியா தப்பா என்று எனக்கும் தெரியாது. அந்தச் செலவில் எத்தனை ஏழுமலைகளின் காலைக் காப்பாற்றலாம் என்ற கேள்வி எனக்கும் வந்தது. அதைப் பழனிவேலிடம் சொல்லக் கூசினேன். ஏன் தர மாட்டேன் என்கிறார்கள், உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று அவரே கேட்டார். மறைக்காமல் சொன்னேன். இப்போது ஒரு தர்ம ஸ்தாபனம் விட்டு விட்டு ஊசி தருகிறது. பிள்ளை விட்டு விட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். நான் அதைச் சொன்ன அன்றைக்கு அவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கிளம்பும் முன் சொன்னார்: “ஒரு புள்ளைக்கு ஆகுற செலவுல நூறு பேரப் பொழைக்க வைக்கலாம்னா, அத எங்கிட்ட நேருல சொல்லட்டும்மா, நெஞ்சக் கல்லாக்கிட்டுக் கேட்டுக்கறேன். யாரு சொன்னாங்க, ஏன் சொன்னாங்கன்னே தெரியாம எப்படிம்மா தாங்கறது?”

இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது, போய் ஒரு டாக்டரைப் பார் என்கிறார் என் வீட்டுக்காரர். பார்க்கலாம்தான், ஆனால் நெஞ்சு வெடித்துப் படுக்கையில் சேரும்வரை அது திட்டத்தில் வராதே!