பஞ்சாமிர்தம் சாப்பிட்டுவிட்டுக் குடல் பரிசோதனைக்குப் போனேன்

போன வருஷம் தைப்பூசம் முடிந்து மூன்றாவது வாரம், கழிப்பறையில் முதன்முதலாக ரத்தம் பார்த்தேன். முந்தின நாள் சாப்பிட்ட பீட்ரூட் பொரியலாக இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து, பீட்ரூட் சாப்பிடாமலேயே மறுபடியும் வந்தது. அன்று பயந்துபோனேன். என் அப்பாவைக் குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவள் நான். அவருக்கும் ஆரம்பம் இப்படித்தான் இருந்தது.

சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசாங்கப் பாலிகிளினிக்கில் காட்டினேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பின்வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஸ்கோப் என்கிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பயம். முருகா, உள்ளே ஒன்றும் இருக்கக்கூடாது என்று தினமும் அழுது வேண்டினேன்.

பரிசோதனைக்கு முந்தின நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்தான். பழம், தோல், விதை எதுவும் கூடாது என்று தாளில் எழுதியே கொடுத்திருந்தார்கள். சாயங்காலத்திலிருந்து பேதி மருந்து குடிக்க வேண்டும். ஆனால் அன்று கிருத்திகை. லிட்டில் இந்தியாவில் இருக்கும் கோயிலுக்குப் போய் அபிஷேகம் பார்க்காமல் இருப்பேனா? போனேன். கப்பில் பஞ்சாமிர்தம் கொடுத்தார்கள். வாழைப்பழம், பேரீச்சை, திராட்சை. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்பதால் அவர் கப்பையும் நானே முடித்தேன்.

அதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்து மருந்தைக் குடித்தால் குமட்டியது. பாதிக்குமேல் சிங்க்கில் ஊற்றிவிட்டேன். முருகன் பிரசாதமே உள்ளே போய்விட்டது, இதற்குமேல் என்ன சுத்தம் வேண்டியிருக்கிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் தூக்க ஊசி போட்டார்கள். கண் விழித்ததும் டாக்டர் வந்தார். குடல் சரியாகச் சுத்தமாகாததால் பல இடங்களைப் பார்க்க முடியவில்லை, பார்த்த வரைக்கும் ஒன்றுமில்லை, திரும்பச் செய்ய வேண்டும் என்றார். என் காதில் விழுந்தது 'ஒன்றுமில்லை' மட்டும்தான். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, வாய் கூசாமல் வெறும் தண்ணீர் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமையே நம் பஜனைக் குழுவில் எழுந்து நின்று, முருகன் என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று சொன்னேன். உங்களில் சிலர் கண்கலங்கினீர்கள். ஆஸ்பத்திரி கொடுத்த அடுத்த தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டேன். இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு மறுபடியும் போய்ப் படுத்தால், முருகனை நம்பாதது போலாகிவிடும் என்று நினைத்தேன்.

வைகாசியில் ரத்தம் மறுபடியும் வந்தது, முன்னைவிட அதிகமாக. குளியலறைத் தரையில் உட்கார்ந்து, முருகா, என்னைக் கைவிட்டுவிட்டாயே என்று அழுதேன். வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். அதிகம் பேசாத மனிதர்.

"அவரு என்ன செய்வாரு? அவரு பேரச் சொல்லி மருந்த ஊத்துனது நீதானே. போன் பண்ணி உண்மையச் சொல்லு."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் சொன்னதைத்தான் செய்தேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். எடுத்த நர்ஸ் தமிழ்ப் பெண். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஆன்ட்டி, பிரசாதத்த ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு அடுத்த நாள் சாப்பிடலாம்லா. சாமி கோச்சுக்க மாட்டாரு. இந்த வாட்டி மருந்த மட்டும் முழுசா குடிச்சிட்டு வாங்க."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அடுத்த வாரமே தேதி கிடைத்தது. இந்த முறை முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை குடித்தேன். குமட்டியபோதெல்லாம் சரவணபவ சொன்னேன். வேண்டுதலும் மாறியிருந்தது. ஒன்றும் இருக்கக்கூடாது என்று கேட்கவில்லை. முருகா, இருப்பது டாக்டர் கண்ணில் படட்டும் என்று கேட்டேன்.

பட்டது. போன தடவை கழிவு மறைத்திருந்த ஒரு வளைவில், நெல்லிக்காய் அளவுக்குச் சதை வளர்ந்திருந்தது. பாலிப் என்றார்கள். குழாய் வழியாகவே கம்பி வளையத்தைப் போட்டு அங்கேயே அறுத்து எடுத்துவிட்டார்கள். வயிற்றில் ஒரு தையல்கூட இல்லை. அன்று சாயங்காலம் வீட்டில் ரசம் சோறு சாப்பிட்டேன்.

எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் நானாக இல்லை. முடிவு வந்த அன்று டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. புற்றுநோய் இல்லை. ஆனால் அப்படியே விட்டிருந்தால் சில வருஷங்களில் ஆகியிருக்கக்கூடிய வகை. முழுவதும் எடுத்தாகிவிட்டது, மூன்று வருஷம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். வெளியே வந்து வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கல்யாணமாகி முப்பது வருஷத்தில், பொது இடத்தில் அவர் என் கையை விடாமல் நின்றது அன்றுதான்.

அன்பர்களே, உங்கள் முன் நான் அவசரப்பட்டுச் சொன்னதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். முருகன் காப்பாற்றினார் என்றுதான் அன்றும் சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன். அன்று அவர் காப்பாற்ற நான் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். உங்களில் யாருக்காவது இப்படி ரத்தம் தெரிந்தால், மூலம், உடல்சூடு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வேண்டிக்கொண்டே டாக்டரிடம் போங்கள். வெட்கமாக இருந்தால் என்னிடம் வாருங்கள்.

போன வாரம் செங்காங்கிலிருந்து பஜனைக்கு வரும் ஒரு அக்கா, என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொன்னார். வருகிற புதன்கிழமை அவருக்கு ஸ்கோப். துணைக்கு நான் போகிறேன். அன்று அவருக்காக நீங்களும் ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். பெயர் முருகனுக்குத் தெரியும்.