எஸ்தர் அக்கா கொடுத்த நான்கு மதிப்பெண்

அனகாபுத்தூரில் ஒரு காதுகுத்து விழாவுக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தபோது அருள் அண்ணனின் போன் வந்தது. அவருடைய மனைவி எஸ்தர் அக்காவிடம் சொல்ல வேண்டிய ஒன்றைப் பதினொரு நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்துதான் கூப்பிடுகிறாரோ என்று முதல் தடவை எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. "சேகர் சார், எஸ்தர் போயிட்டா. காலையில டீ போட்டுகினு இருந்தா. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவ எழுந்திரிக்கவே இல்ல" என்றார். துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. இனி அதை யாரிடம் போய்ச் சொல்வது?

நம் இணையதளத்தில் டிஸ்க் விமர்சனம் படிப்பவர்களுக்கு எஸ்தர் அக்காவின் எழுத்து பழக்கம். ஒரு படம் புளூ-ரே டிஸ்க்காக வெளிவந்தால், கதை நன்றாக இருக்கிறதா என்பதைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. டிஸ்க்கில் படமும் ஒலியும் ஒழுங்காக வந்திருக்கின்றனவா என்று பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடுவோம். அவர் ஊரப்பாக்கத்தில் தன் வீட்டில் பார்ப்பார், நான் குரோம்பேட்டையில். சனிக்கிழமை மதியம் தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, மதிப்பெண் எழுதி மடித்த சீட்டுகளை மாற்றிக்கொள்வோம். இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவரும் சேர்ந்து மறுபடி பார்த்தாக வேண்டும். இது அக்கா போட்ட சட்டம். இங்கே கடையில் விற்கும் டிஸ்க்கைத்தான் வாங்க வேண்டும் என்று இன்னொரு சட்டமும் போட்டிருந்தார். "வெளிநாட்டு டிஸ்க்கைப் பார்த்து நாம மார்க் போட்டா, இங்க வாங்கறவன் கதி என்ன சேகர்?" என்பார்.

அவரை முதலில் சந்தித்தது ஒரு சர்ச் ஆண்டுவிழாவில். மைக் செட் என்னுடையது. திரையில் ஏதோ ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அம்மா நேராக என்னிடம் வந்து, "சவுண்டு நல்லா இருக்குங்க. ஆனா அந்த மேய்ப்பனோட தாடி எங்க முடியுது, ராத்திரி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலையே" என்றார். படம் என் பொறுப்பில்லை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் ப்ரொஜெக்டரில் எதையோ திருகிவிட்டார். மேய்ப்பனுக்கு முகம் வந்தது. அவர் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவர் என்று பிறகுதான் தெரிந்தது. "கறுப்புக்குள்ள என்ன இருக்குன்னு காட்டறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்று சிரித்தார்.

போன வருடம் ஒரு சூப்பர் ஹீரோ படத்தின் டிஸ்க் வந்தது. இங்கே கடைக்கு வருவதற்கு மூன்று வாரம் முன்பே சிங்கப்பூரிலிருந்து என் மச்சான் ஒன்று வாங்கி வந்துவிட்டான். எனக்குப் பொறுமை ஏது? அட்டைப்படம் ஒன்றுதானே, உள்ளே மட்டும் என்ன வேறாகவா இருக்கப்போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பார்த்துவிட்டேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை. பழைய சுரங்கப்பாதை ஒன்றில் நாயகனும் வில்லனின் ஆட்களும் இருட்டில் மோதுகிற காட்சிதான் அந்தப் படத்துக்கே உயிர். பின்னால் ஒரு செங்கல் சுவர். நான் படத்துக்கு எட்டு போட்டேன். அக்காவின் சீட்டைப் பிரித்தால் நான்கு.

என் சீட்டை அவர் நெடுநேரம் பார்த்தார். "சுரங்கச் சண்டைல பின்னாடி இருக்கிற சுவரு தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"செங்கல் செங்கலா தெரிஞ்சுதே அக்கா."

"எனக்குச் சுவரே தெரியலையே. ஹீரோவோட கையைத் தேடிக்கிட்டு இருந்தேன்." கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். "சரி, உங்க டிஸ்க்கை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க. நம்ம சட்டப்படி பார்த்துடலாம்."

என் டிஸ்க்கைக் கொண்டுபோனால் குட்டு உடைந்துவிடும். முகூர்த்த மாதம், ஒரு நாள்கூட ஓய்வில்லை என்று மழுப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எதுக்கும் கண்ணை ஒரு தடவை காட்டிக்குங்களேன் அக்கா" என்றேன். பாதி அக்கறைதான், பொய் சொல்லவில்லை. மீதிப் பாதி பயம். அன்றைக்கே போய் உட்கார்ந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் வெளிச்சமாகியிருக்கும்.

அவர் கண்ணைக் காட்டினார். புரை லேசாக ஆரம்பித்திருக்கிறது, இந்த வயதில் சகஜம்தான், வேலைக்கு ஒன்றும் தடையில்லை என்று டாக்டர் சொன்னாராம். அக்காவின் காதில் புரை என்ற ஒரு வார்த்தைதான் விழுந்தது. ஒரே மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். விமர்சனத்தையும் விட்டார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "டிஸ்க்கைத் தப்பா பார்த்தா ஒரு மார்க் போகும். அங்க தப்பா எடுத்தா ஒரு ஆளே போயிடுவான் சேகர்" என்றார். தளத்தில் எட்டு என்றே போட்டேன்.

போன மாதம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: 'உங்கள் விமர்சனத்தை நம்பி வாங்கினேன். சுரங்கச் சண்டையில் ஒரே கறுப்பு. எப்படி எட்டு போட்டீர்கள்?' அன்றே போய் இங்கே விற்கும் டிஸ்க்கை வாங்கி வந்து போட்டேன். சுவர் இல்லை. ஒரு செங்கல்கூட இல்லை. நாயகனின் கை எங்கே என்று நானும் தேடினேன். முழுப் படத்தையும் இரண்டு மணி நேர உபரிக் காட்சிகளையும் ஒரே டிஸ்க்கில் திணித்துப் படத்தை நசுக்கியிருந்தார்கள். சிங்கப்பூர் பெட்டியில் அவை தனி டிஸ்க்கில் இருந்தன. நான்கு என்பதே தாராளம்.

அதன் பிறகுதான் அந்தப் பதினொரு நாள். போனை எடுப்பேன், வைப்பேன். ஒரு நாள் துணிந்து கூப்பிட்டேன். "சொல்லுங்க சேகர்" என்றார். சாப்பிட்டாச்சா என்று கேட்டேன். "ஆச்சு. இப்பல்லாம் பட்டப்பகல்ல காய் நறுக்கறதுக்கே லைட்டைப் போட்டுக்கறேன், கையை வெட்டிக்கிட்டா என்ன பண்றது" என்று சிரித்தார். இதைப் போனில் சொல்லக்கூடாது, சனிக்கிழமை நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று வைத்துவிட்டேன். வியாழக்கிழமை காலையில் அவர் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஊரப்பாக்கம் போனேன். அருள் அண்ணன் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். இரும்பைப் பிடித்துப் பிடித்துக் காய்ந்த கைகள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். "கண்ணு நல்லாத்தான் இருந்துதா சார்?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? அவ பேரு போடற எடத்துல போடு" என்றார்.

அதனால்தான் நண்பர்களே, உங்களிடம் சொல்கிறேன். அந்த விமர்சனத்தில் இருந்த எட்டை எடுத்துவிட்டேன். இப்போது அங்கே இருப்பது: படம் நான்கு, பார்த்தவர் எஸ்தர். தவறாகப் பார்த்தவன் நான் என்பதையும் அடியில் எழுதியிருக்கிறேன்.

தாம்பரம் பெஞ்சில் அவர் கொடுத்த சீட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது. அன்று எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டேன். போன வாரம்தான் முழுதாகப் பிரித்தேன். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'சந்தேகமாக இருந்தது, மூன்று முறை பார்த்தேன்.'

சனிக்கிழமை சொல்ல வைத்திருந்தது இவ்வளவுதான் அக்கா. அந்தச் சுவர் நிஜமாகவே தெரியவில்லை. பகலில் நீங்கள் லைட் போட வேண்டியதே இல்லை.