அரக்கனின் முதுகு

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரை எல்லோரும் 'உதட்டுக்காரர்' என்றே அழைத்தார்கள். பிறமொழிப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது அவர் தொழில். நடிகரின் உதடுகள் ஒட்டும் இடத்தில் 'ம'வோ 'ப'வோ வந்து விழும்படி எழுதி இருபத்திரண்டு ஆண்டுகள் பழகியவர். முகம் தெரியாத இடங்களில் எதையும் எழுதலாம். ஆகவே படத்தை வாங்கியவர்கள் முதுகுகளையே நகைச்சுவைக்கு ஒதுக்கினார்கள்.

அம்முறை வந்தது, ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையில் பகடை உருட்டி ஆடும் மாயக்கதை விளையாட்டைத் தழுவி எடுத்த படம். ஞாயிறுதோறும் மனைவியோடும் மைத்துனரோடும் அவர் ஆடும் விளையாட்டுதான். பூட்டைத் திறக்க மைத்துனர் மும்முறை உருட்டி மும்முறையும் தோற்பார். மைத்துனர் சிரிக்கமாட்டார், அதனாலேயே மற்ற இருவருக்கும் சிரித்து வயிறு வலிக்கும். படத்திலும் அப்படியொரு பூட்டு இருந்தது. திருடி அதைத் திறக்கத் திணறுகிறாள். தோழர்கள் தப்பும்வரை, அவர்களில் ஒருவனான அரக்கன் முதுகைக் காட்டி நின்று வாயிலைத் தாங்கி, உயிரை விடுகிறான்.

"அவ்வளவு பெரிய முதுகு சும்மா நிக்குது. ஆறு ஜோக் போடுங்க சார்," என்றார் விநியோகஸ்தர்.

"அவன் சாகறானுங்க."

"சிரிச்சுக்கிட்டே சாகட்டும். முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்."

வேறு வேலை தேடும் வயதை அவர் கடந்திருந்தார். எழுதிக் கொடுத்தார்.

"போன மாசம் ஆட்டத்துல என் அரக்கன் செத்தப்போ நீங்க ரெண்டு பேரும் ஜோக்கடிக்க வாயத் தொறந்தீங்களா?" என்று கேட்டாள் மனைவி, அன்றிரவு அவர் அதைச் சொன்னதும்.

சோதனைக் காட்சியில் முதல் ஐந்து நகைச்சுவைக்கும் அரங்கு அதிர்ந்தது. ஆறாவதோடு அரக்கன் விழுந்தான், சிரித்தார்கள். திருடி அழுதாள், அதற்கும் சிரித்தார்கள். அதன்பிறகு யார் பிழைத்தால் என்ன என்பதுபோல் சிலர் எழுந்து போனார்கள்.

"என்ன சார், அழுகைக்கும் சிரிக்கிறாங்க?" விநியோகஸ்தரின் குரல் இறங்கியிருந்தது.

"அந்த முதுகப் பேசவிடாதீங்க."

"அப்ப ஜோக்கு?"

"பூட்டு தொறக்கல பாருங்க, அதுதான் ஜோக்கு. எடுத்தவங்களே வச்சிருக்காங்க."

விநியோகஸ்தர் தாடையைத் தடவினார். "ரெண்ட வேணா எடுத்துக்குங்க. அதுக்கு மேல கேக்காதீங்க."

வாதாட உதட்டுக்காரருக்குத் தெம்பில்லை.

"எந்த ரெண்டு?" என்றாள் போனிலேயே விஷயத்தைக் கேட்டிருந்த மனைவி, காலணியை அவர் கழற்றுமுன்பே.

"கடைசி ரெண்டு."

"போகுது, மூச்சு விடற நேரத்துலயாவது அவனச் சும்மா விட்டீங்களே."

மறுநாள் மேசைக்கு வந்த படத்தில் குதிரையொன்று பேசியது. அதற்கு உதடு எங்கும் ஒட்டவில்லை, எங்கும் எதையும் எழுதலாம்.