அமாவாசையன்று பார்த்த மைதானம்

ஸ்ரீரங்கத்துக்கான நகரமைப்பு வரைவுத் திட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆட்சேபம் சொல்ல மக்களுக்குக் கொடுத்த கெடுவும் முடிந்துவிட்டது. ஆற்றங்கரையை ஒட்டிய பகுதி பற்றி ஒரு மனுகூட வரவில்லை. அதை என் வேலையின் சிறப்பு என்றுதான் நினைத்துக்கொண்டேன். எனக்குக் கீழே இரண்டு வரைவாளர்களும் ஒரு சர்வேயரும் வேலை பார்க்கிறார்கள். மூவரும் என்னைவிட மூத்தவர்கள். அவர்கள் தயாரிக்கும் வரைபடம் என் மேஜையைத் தாண்டித்தான் மேலே போகும். முப்பது வயதுக்குள் திட்ட அலுவலர் நாற்காலிக்கு வந்தவள் என்ற பெருமை எனக்கு உண்டு. அதை மறைக்கவும் மாட்டேன்.

அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, காவிரிக் கரையில் கிடைத்த ஒரு பெரிய காலி மைதானம். அமாவாசை வந்தால் அம்மா மண்டபப் படித்துறையில் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்களின் வண்டிகள் தெருவையே அடைத்துவிடும். பஸ் திரும்ப முடியாது. அந்த நெரிசலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று களப்பார்வையை நானே ஓர் அமாவாசையன்று வைத்தேன். கூட்டத்தில் இடிபட்டுச் சற்றுத் தள்ளி வந்தபோது மைதானம் கண்ணில் பட்டது. சில கம்பங்கள், ஒரு கல்தொட்டி, புல். ஆள் நடமாட்டமே இல்லை. வருவாய்ப் பதிவேட்டிலும் அரசுப் புறம்போக்கு என்றுதான் இருந்தது. வாகன நிறுத்துமிடம் என்று குறிக்கச் சொன்னேன்.

இறுதி ஒப்புதலுக்கான கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய திங்களன்று, மைதானத்துக்குள் வண்டி நுழைய எத்தனை அடி வழி இருக்கிறது என்று அளந்து வைத்துக்கொள்ளலாம் என சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மைதானத்தில் நிற்க இடமில்லை. லாட்ஜ்களின் படுக்கை விரிப்புகளும் கல்யாண மண்டபத்துத் திரைச்சீலைகளும் வேட்டிகளும் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு மூலையில் வெள்ளாவி அடுப்பு புகைந்தது. என் வயதுடைய ஒரு பெண் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி எங்களிடம் வந்தார்.

"ஓரமா நில்லுங்க மேடம். விரிப்புல மண்ணு அடிக்குது. லாட்ஜுக்காரங்க எங்களைத்தான் கேப்பாங்க."

"இங்க எப்பவுமே துணி காயப்போடுவீங்களா?"

"இல்லைங்க. இன்னிக்கு நீங்க வரீங்கன்னு தோரணம் கட்டியிருக்கோம்."

துணி பிழிந்துகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சர்வேயர் தரையைப் பார்த்தார். நான் முன்பே ஒருமுறை வந்திருப்பதையும், அன்று இங்கே யாரும் இல்லாததையும் சொன்னேன். எப்போது வந்தேன் என்று அந்தப் பெண் கேட்டார். சொன்னேன்.

"அமாவாசைக்கு வந்தீங்களாக்கும். அன்னிக்கு நாங்க வெள்ளாவி வைக்க மாட்டோமே. மாசத்துல அந்த ஒரு நாள்தான் எங்களுக்கு லீவு. அன்னிக்குப் பாத்தா உங்களை வரச் சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை. நாளைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

என் கையிலிருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தார். "இதுல நாங்க எங்க இருக்கோம்?"

விரலை வைத்துக் காட்டினேன். சாம்பல் நிறக் கட்டம், அதன் நடுவில் ஒரு கார்.

"இதுல காருதானே இருக்கு. நாங்க எங்க?" இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "இருபத்தோரு வீடு இந்த இடத்தை வெச்சுத்தான் பொழைக்குது மேடம். ஆத்துல தண்ணி இல்லன்னா போர் போட்டுத் துவைச்சுக்குவோம். காயப்போட வெயிலை எங்க போய் வாங்குறது?"

பத்திரிகையில் அறிவிப்பு வந்ததே, ஏன் மனுக் கொடுக்கவில்லை என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அந்த அறிவிப்பு முழுக்க சர்வே எண்கள். தாங்கள் துணி காயப்போடும் இடத்தை எண் சொல்லி யார் அழைப்பார்கள்? மருங்காபுரிப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அரசாங்கக் காகிதம் வந்தால் அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போவார். கடைக்காரர் படித்துச் சொன்னதுதான் எங்களுக்குச் சட்டம். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான் எழுத்துக் கூட்டப் பழகும்வரை அப்படித்தான் நடந்தது. ஓர் அறிவிப்பு ஒரு வீட்டுக்குள் எப்படி நுழையாமல் போகும் என்பது எங்கள் அலுவலகத்தில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மூத்த வரைவாளர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "கெடு முடிஞ்சிருச்சு மேடம். மனுவே வராம நாம எப்படி மாத்துறது? நாளைக்கு யாராவது கேட்டாலும் சர்வேயர் ரிப்போர்ட்டுல காலி இடம்னுதான் இருக்கு. உங்க மேல வராது."

சர்வேயர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். "ஏங்க, உருட்டுறதுக்கு என் தலைதான் கிடைச்சுதா?"

மனு வராவிட்டாலும், திட்ட அலுவலரே ஒரு தவறைக் கண்டால் குறிப்பு எழுதி ஒப்புதல் குழுவின் முன் வைக்கலாம். யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்து எழுதினேன்: 'களப்பார்வை அமாவாசையன்று நடத்தப்பட்டது. அன்று இவ்விடத்தில் தொழில் நடைபெறுவதில்லை. நாளைத் தேர்வு செய்தவர் கீழே கையொப்பமிட்டுள்ள அலுவலர்.' மூன்று வரிதான். எழுதி முடிக்க ஒரு பகல் ஆயிற்று. சின்ன வயதிலேயே பெரிய நாற்காலி கொடுத்தால் இப்படித்தான் என்று பேசக் காத்திருந்தவர்களுக்கு நானே எழுதிக் கொடுத்தது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் குழுத் தலைவர் குறிப்பை இரண்டு முறை படித்தார்.

"ஏம்மா, நெரிசலைப் பாக்க அமாவாசைக்குப் போனீங்க, சரி. அதே நாள்ல காலி இடத்தையும் தேடுனீங்களா?"

"ஆமாங்க சார்."

மேஜையின் அந்தக் கோடியில் யாரோ சிரித்தார்கள். என் காது சுட்டது.

"தப்பு என்னோடது சார். அதுக்காக இருபத்தோரு குடும்பம் இடத்தை விட்டுப் போகக் கூடாது."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப, அமாவாசைக்கு அந்த இடம் சும்மாத்தானே கிடக்கு? அன்னிக்கு மட்டும் வண்டி நிறுத்தினா என்ன?"

நான்கு நாட்கள் தலையை உடைத்துக்கொண்டும் எனக்கு இது தோன்றவில்லை. "கேட்டுச் சொல்றேன் சார்" என்று வராந்தாவுக்கு ஓடி, திங்களன்று வாங்கி வைத்திருந்த எண்ணில் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவர் பக்கத்திலிருந்தவர்களோடு ஏதோ சத்தமாகப் பேசிவிட்டு வந்தார்.

"பைக்குன்னா விடுங்க. காரு வேணாம், ஆயில் சொட்டும். மறுநாள் வேட்டியில எல்லாம் அதுதான் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எடுத்துரணும். கூட்டிவிட்டுட்டுப் போகணும், சொல்லிட்டேன்."

உள்ளே போய் ஒன்று விடாமல் அப்படியே ஒப்பித்தேன்.

"கூட்டுறதையும் சேத்தே எழுதுங்க" என்றார் தலைவர். கார்களைக் காவிரிப் பாலத்துக்கு முன்பே, நகரப் பக்கத்தில் நிறுத்திவிடுவது தனியாகப் பரிசீலிக்கப்படும் என்று முடிவாயிற்று. அது இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. மைதானம் மட்டும் அன்றே வரைபடத்தில் சலவைத்துறை ஆனது.

வெளியே வந்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். திங்களிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சர்வேயர் கேன்டீனிலிருந்து தயிர்சாதம் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார். ஒரு கையில் பொட்டலத்தைப் பிரித்தபடி மறு கையால் போன் போட்டேன்.

"முடிஞ்சுதுங்க. அந்த இடம் சலவைக்குத்தான்னு படத்துலயே போட்டாச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சரிங்க மேடம். வையுங்க, மேகம் கட்டுது. துணி எல்லாம் கொடியிலேயே கிடக்கு."