வச்சிர வாசனை

தறிக்கு மரச்சாமான் செய்வது என் தொழில். என் கிழட்டு நாய்க்குக் கண் போய்விட்டது, பின்னங்கால் இழுக்கிறது. காலையில் அதைக் கடைக்குத் தூக்கி வருவதும் நான், சோறு பிசைந்து ஊட்டுவதும் நான். ஆனால் அது போய்ப் படுப்பது பக்கத்துத் தச்சுக்கடை பாயிடம். தொழுகைக்குப் போகிறவர், அதைத் தொடக்கூட மாட்டார்!

"நீ டப்பா பசை போடுற. நான் இன்னும் வச்சிரம் காய்ச்சிக்கினு இருக்கேன். தோலு, எலும்புல செஞ்ச பசைப்பா. அந்த வாசனைக்குத்தான் வருது" என்றார் டீ குடித்தபடி.

எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் நானும் வச்சிரம் வாங்கிக் காய்ச்சினேன். நாய் மூக்கைத் தூக்கியது. தட்டுத்தடுமாறி, வாலை ஆட்டிக்கொண்டே வந்தது. கையை நீட்டினேன். மோந்து பார்த்தது. நான்தான் என்று தெரிந்ததும் வால் நின்றுவிட்டது. சுவரை உரசிக்கொண்டே பாயைத் தேடிப் போனது.