ஜன்னலில் கட்டிய ரூட்டர்

பாம்பன் தெற்குவாடியில் சந்தியாகுவின் வீட்டில் எந்தப் பொருளும் சும்மா இருக்காது. ஒன்று கட்டியிருக்கும், இல்லையென்றால் கிரீஸ் பூசியிருக்கும். கேஸ் சிலிண்டர் சுவர்க் கொக்கியோடு கட்டியிருக்கும். டிவிக்கு இடுப்பில் ஒரு கயிறு. மாதா படத்துக்கு மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு. கதவுத் தாழ்ப்பாள், தையல் மிஷின், குடைக்கம்பி, குக்கர் கைப்பிடித் திருகாணி எல்லாவற்றிலும் கறுப்பாய் ஒரு பூச்சு.

"என்னயும் ஒருநா கிரீஸத் தடவித் தூணுல கட்டிப் போடுவாரு, பாத்துக்கிட்டே இரு" என்று அவர் மனைவி பிரெசில்லா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

சந்தியாகு விசைப்படகில் டிரைவராகப் போனவர். முதுகு விட்டுப்போனதும் கரையேறி, படகு எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். யாரிடமும் நின்று கற்றவரல்ல. தரையில் துணியை விரித்து, கழற்றுகிறதைக் கழற்றுகிற வரிசையிலேயே வைத்து, மாட்டும்போது கடைசியிலிருந்து திரும்பி வருவார். அவசரப்படுத்துகிறவரைத் துறையை விட்டே விரட்டுவார். அவர் வேலையில் இரண்டே சட்டங்கள்: கட்டாத பொருள் காற்றுக்கு; கிரீஸ் போடாத இரும்பு உப்புக்கு. கடலோரத்தில் அந்த இரண்டும் அவரை ஏமாற்றியதில்லை.

மகள் கிறிஸ்டினா நர்ஸ் படிப்பு முடித்து மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அவளுக்கு இன்டர்வியூ வந்தது. லேப்டாப் வழியாக முகம் பார்த்துப் பேசுவார்கள். பேசி முடித்ததும் அதே லேப்டாப்பில் ஒரு பரீட்சை எழுத வேண்டும். போனில் எழுத முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மதுரையில் அவள் தங்கியிருந்த அறையில் ஐந்து பேர். சத்தமில்லாத இடம் வேண்டும் என்று லீவு போட்டு வீட்டுக்கு வந்தாள். அவளுக்காகவே வீட்டுக்கு நெட் இழுத்தார்கள்.

நெட் இழுக்க வந்தவர் ரூட்டரை ஜன்னல் திட்டில் வைத்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். கச்சான் காற்று வீசுகிற மாதம். திறந்த ஜன்னலில் ஒரு பெட்டி அப்படியே உட்கார்ந்திருப்பதைச் சந்தியாகுவால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ரூட்டர் வந்த அட்டைப்பெட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த மஞ்சள் வயர் ஒன்று கிடந்தது. நல்ல வயர், வளைத்தால் வளைந்தது, இழுத்தால் நீளவில்லை. பெட்டியைக் கட்டத்தான் பெட்டியோடு கொடுத்திருக்கிறான், விவரமானவன்தான் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு முனையிலும் கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் ஒரு கொண்டை இருந்தது, முடிச்சுக்குள் நுழையவில்லை. இரண்டையும் கத்தியால் நறுக்கி எறிந்துவிட்டு, ரூட்டரை ஜன்னல் கம்பியோடு சேர்த்துத் துறையில் படகைக் கட்டுகிற மாதிரி கட்டினார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

போன்களில் நெட் வந்தது. லேப்டாப்பில் வரவில்லை. அது கிறிஸ்டினா கூட வேலை பார்த்தவளிடம் வாங்கிய பழைய லேப்டாப். ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹாஜா முகைதீனுக்குப் போன் போட்டாள். அவன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, "உள்ள நெட் கார்டு போயிருக்கும்மா. ஒங்க ஊரு உப்புக்கு அது இவ்வளவு நாள் இருந்ததே அல்லாவோட கிருபை" என்றான். புதுக் கார்டு வரவழைக்க வேண்டும் என்றான். இன்டர்வியூவுக்கு முதல் நாள்தான் வந்தது.

சந்தியாகு பஸ்ஸில் போய் வாங்கி வந்தார். "மாட்டித் தரவா, அண்ணே? லேப்டாப்பையும் கொண்டாந்திருக்கலாம்ல" என்று ஹாஜா கேட்டதற்கு, "எஞ்சினையே கழட்டி மாட்டுறேன், இது என்னப்பா" என்றார்.

வீட்டில் துணி விரித்தார். லேப்டாப்பைக் கவிழ்த்துத் திருகாணிகளை வரிசையாக வைத்தார். உள்ளே பெருவிரல் அகலத்தில் ஒரு பச்சைத் தகடு. அதன் தங்கநிறப் பற்களில் களிம்பு பூத்திருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய வயர்கள் அதில் பொத்தான் மாதிரி மாட்டியிருந்தன. எது எங்கே என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக் கழற்றி, புதியதைச் செருகி, வயர்களை அதே இடத்தில் அழுத்தினார். கிறிஸ்டினா லேப்டாப்பைப் போட்டாள். நெட் வந்தது.

"ஏ ஆத்தா, வந்துருச்சு! அய்யா, நீங்க இன்ஜினியரு" என்று அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். பிரெசில்லா ஜெபமாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் துறையில் சந்தியாகு இதை நான்கு பேரிடமாவது சொல்லியிருப்பார்.

மறுநாள் இன்டர்வியூ. காலையில் தாயும் மகளும் பூசைக்குக் கோவிலுக்குப் போனார்கள். சந்தியாகு மட்டும் வீட்டில் இருந்தார். அப்போதுதான் அது அவருக்கு உறைத்தது. கிரீஸ் போடவில்லை. பழைய தகட்டின் களிம்பு கண்ணுக்குள் வந்து நின்றது. இந்த வேலை கிடைத்தால் பிள்ளை இந்த லேப்டாப்பைத்தான் அந்த ஊருக்கும் கொண்டுபோவாள். முன்பின் தெரியாத ஊரில் அது நின்றுபோனால் யாரிடம் போவாள்? மறுபடியும் துணி விரித்தார். தகட்டை உருவி, தங்கநிறப் பற்களில் விரல்நுனியால் கிரீஸை மெல்லத் தடவினார். எஞ்சின் பேரிங்குக்குப் போடுகிற நல்ல கிரீஸ். செருகுகிற வாய்க்கும் கொஞ்சம் வைத்தார். எல்லாத் திருகாணியையும் முடுக்கி, துணியை மடித்து வைத்தார்.

கிறிஸ்டினா வந்து லேப்டாப்பைத் திறந்தாள். வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யா, நேத்து வந்துச்சே. இன்னைக்கு நெட்டுக்கு உண்டான அடையாளத்தையே காணோம்."

"தொறந்து கொஞ்சம் கிரீஸ் போட்டேன்த்தா. துரு ஏறாம."

அவள் போனை எடுத்து ஹாஜாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னது, கிரீஸா?" ஹாஜா குரல் உயர்ந்தது. "அண்ணே, அது என்ன புரொப்பல்லரா? கிரீஸ் அந்தப் பல்லு ஒவ்வொன்னுக்கும் நடுவுல போயி அடச்சிருக்கும், கரண்டு எப்படிப் போகும்? கழட்டித் தொடைங்க. தண்ணி படாம."

கழற்றினார். பனியன் துணியால் துடைத்தார், பெட்ரோல் நனைத்துத் துடைத்தார். தகடு பளிச்சென்று ஆனது. ஆனால் செருகுகிற வாய்க்குள் எறும்புகூட நுழையாத இடைவெளியில் கிரீஸ் கறுப்பாய் அப்படியே நின்றது. ஊசியை விடப் போனார். ஹாஜா அங்கிருந்தே கத்தினான்: "குத்திராதீக! பல்லு வளைஞ்சா போர்டே போச்சு!" ஊசி அவர் கையிலேயே நின்றது. எஞ்சின் என்றால் கழுவலாம், தட்டலாம், ஊதலாம். இதை என்ன செய்வது?

கிறிஸ்டினா கடிகாரத்தைப் பார்த்தாள். ராமேஸ்வரத்துக்குப் போய் ஒரு நெட் கடையைத் தேடி உட்கார இனி நேரமில்லை.

"பதறாதம்மா, வழி இருக்கு" என்றான் ஹாஜா. "கார்டே வேண்டாம். ரூட்டர் பெட்டில ஒரு மஞ்ச வயர் கெடக்கும். ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி பின்னு. ஒரு பக்கத்த ரூட்டர்ல குத்து, மறுபக்கத்த லேப்டாப்ல குத்து. பட்டுன்னு நெட் வந்துரும்."

கிறிஸ்டினா ஜன்னலைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். சந்தியாகு பார்க்கவில்லை.

"ஹலோ? வயர் இருக்குல்ல?" என்றது போன்.

"இருக்குப்பா" என்றாள் பிரெசில்லா. "ரூட்டரக் கட்டி வச்சிருக்காரு, அதுல."

சந்தியாகு ஜன்னலுக்கு ஓடினார். அவர் போட்ட முடிச்சு அவருக்கே அவிழவில்லை. உப்புக்காற்றில் இறுகிக் கிடந்தது. கத்தியால் ஒரு முனையைச் சீவினார். உள்ளே எட்டு மயிரிழைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். அவர் வாழ்நாளில் கரண்டு என்றால் இரண்டு வயர்தான். "எந்தக் கலரு எதுலப்பா?" என்று போனைப் பார்த்துக் கேட்டார்.

"அது கையில சொருகுறது இல்லண்ணே. பின்னு வேணும், அதை அமுக்குற கட்டிங்பிளேயர் ஒன்னு வேணும். எங்கிட்ட இருக்கு. நான் இங்கனல்ல இருக்கேன்."

பிரெசில்லா அதற்குள் வாசலில் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தாள். வெட்டிய கொண்டைகளில் ஒன்று மீன் செதிலோடு ஒட்டி அகப்பட்டது. அதைக் கழுவி, சேலையில் துடைத்து, கணவன் உள்ளங்கையில் வைத்தாள். இந்தக் கொண்டைக்கும் அந்த வயருக்கும் நடுவில் என்ன செய்ய வேண்டுமோ, அது தெரியாமல் அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹாஜா கடைசியாக ஒன்று சொன்னான்: சார்ஜ் வயரால் போனையும் லேப்டாப்பையும் இணைத்தால் நெட் வரும். இணைத்தார்கள். துருப்பிடித்த வயர், சார்ஜ் ஏறியது, நெட் ஏறவில்லை.

நேரமாகிவிட்டது. கிறிஸ்டினா முகம் கழுவி, நர்ஸ் சீருடையை மாட்டிக்கொண்டு, போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். சந்தியாகு அடுப்படி வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மகள் பேசிய இங்கிலீஷ் அவருக்குப் புரியவில்லை. முதலில் அவள் சிரித்துப் பேசினாள். அப்புறம் ஏதோ சொல்லி, மேசையில் திறந்து கிடந்த லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினாள். கடைசியில் "தாங்க்யூ மேடம்" என்றாள். அது அவருக்குப் புரிந்தது.

"என்னத்தா சொன்னாக?"

"பேசுனது நல்லா இருந்துச்சாம். பரீட்ச எழுதாதவங்கள லிஸ்டுல வைக்க முடியாதாம். மறுபடி ஆள் எடுத்தா சொல்றாங்களாம்."

"எப்ப எடுப்பாக?"

"அது அவங்களுக்கே தெரியாதாம், அய்யா."

அவர் ஜன்னலுக்குப் போய், மிச்சமிருந்த முடிச்சை நகத்தால் நெம்ப ஆரம்பித்தார். அதை அவிழ்த்து இப்போது என்ன செய்வது என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் விரல்கள் விடவில்லை. கச்சான் ஜன்னல் வழியாக மணலை வாரி உள்ளே போட்டது. கட்டு தளர்ந்த ரூட்டர் திட்டில் ஒரு பக்கம் தூக்கி, டக்கென்று விழுந்தது.

கிறிஸ்டினா எழுந்து வந்து அவர் கைமேல் கை வைத்தாள். அவர் விரல்நுனிக் கிரீஸ் அவள் கையிலும் ஒட்டியது.

"அவுக்காதீக, அய்யா" என்றாள். "காத்துல விழுந்துரும். கட்டுங்க."

அவர் கட்டினார்.