அயர்லாந்துக்காரரைத் தேடி ஸ்பையருக்கு

போனவர்கள் நான்கு பேர்: நான், என் கணவர் சேவியர், மகள் டிலானி, அவளுடைய கணவர் கெவின். தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை 5.40க்கு யேர்மனியில் நாங்கள் இருக்கும் வுப்பர்டாலில் இருந்து கெவினின் காரில் வெளிக்கிட்டோம். ஸ்பையர் வரை 298 கிலோமீற்றர்.

காரணம் எங்கள் சம்பந்தி, அதாவது கெவினின் அப்பா. அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைப்பக்கம் இருக்கிறார். எண்பத்தொரு வயது, சுவாசப்பை சரியில்லை. பல தலைமுறைகளுக்கு முன் அந்த மலைக்கு முதலில் வந்து குடியேறிய பாட்டனுக்கு அவர்களுடைய குடும்பச் சேமக்காலையில் பெயர் வெட்டிய கல்லறைக் கல் இல்லை. தான் கண்மூடுமுன் அதை நட்டுவிட வேண்டும் என்று கல் வெட்டுகிறவரிடம் சொல்லிவைத்துவிட்டார். பாட்டனின் பெயர் தெரியும், ஊர்தான் தெரியாது. வெறுமனே அயர்லாந்து என்று வெட்ட அவருக்கு மனமில்லை.

கெவின் இரண்டு வருடமாக அயர்லாந்தின் கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவுகளைத் தேடினார். அயர்லாந்து என்றால் கத்தோலிக்கர் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நானும் தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நவநாள் செய்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது என் கணவர் தன் கதையைச் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்திறங்கிய அன்று, எங்கிருந்து வருகிறீர் என்று குடிவரவுக் கந்தோரில் கேட்டிருக்கிறார்கள். கிழக்கு பேர்லினில் ரயில் ஏறி வந்தவர், பேர்லின் என்று சொல்லியிருக்கிறார். அதை அப்படியே எழுதிவிட்டார்கள். இலங்கையில் எங்கள் ஊரான மன்னார் என்று மாற்ற மூன்று டெர்மின், அதாவது நேரம் குறித்துப் போகும் சந்திப்பு, எடுத்தது.

"நாங்கள் கடைசியா ஏறின இடத்தைத்தான் சொல்லுறனாங்கள். இவற்ற பாட்டனும் அப்பிடிச் சொல்லியிருப்பார் எண்டு சொல்லு பிள்ளை" என்றார் மகளிடம்.

கெவின் சிரிக்கவில்லை. வேறெங்கிருந்தோ அயர்லாந்துக்கு வந்தவர் என்றால் கத்தோலிக்கராக இருக்கவேண்டியதில்லையே என்று, அந்த வாரமே அயர்லாந்தின் புரட்டஸ்தாந்துப் பதிவுகளைப் பார்த்தார். பாட்டனின் தகப்பன் அங்கே இருந்தார். முந்நூறு வருடங்களுக்கு முன் யேர்மனியின் பாலற்றினேற்றுப் பகுதியில் இருந்து போய் லிமரிக் பக்கம் குடியேறியவர்களில் ஒருவர். அந்தப் பகுதியின் பழைய தேவாலயப் பதிவுகளைப் பார்க்கத்தான் ஸ்பையர்.

காலை 9.15க்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் மீன் கட்லட்டும் ஃபிளாஸ்க் தேத்தண்ணியும். வாகனத் தரிப்பிடம் நாள் முழுவதற்கும் 7 யூரோ. ஆவணக் காப்பகத்தில் பையையும் பேனையையும் வெளியே பூட்டிவைக்க வேண்டும், பென்சில் மட்டும்தான் உள்ளே. புத்தகத்தைக் கையில் தரமாட்டார்கள். படச்சுருளை ஒரு கருவியில் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

11.30க்கு டிலானிதான் கண்டுபிடித்தாள். அதே பெயரில் ஒரு தகப்பன், ஐந்து பிள்ளைகளின் ஞானஸ்நானம். ஐந்தோடு அந்தக் குடும்பத்தின் பதிவு நின்றுவிடுகிறது. ஆனால் அந்தப் பகுதியில் அதே பெயரில் இன்னொருவரும் இருந்திருக்கிறார். அவர் அயர்லாந்து போகாமல் நேரே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர். இந்தப் பதிவு எங்களுடையவருடையதா அவருடையதா என்பதற்கு ஐந்தாவது பிள்ளையின் பதிவுக்குப் பக்கத்தில் ஓரமாக ஒரு வரி இருக்கிறது. அங்கு வேலை செய்யும் அம்மா, அறுபது வயதிருக்கும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தார். மனைவி பிள்ளைகளோடு புறப்பட்டுப் போனார் என்பது வரை தெளிவு. எங்கே போனார் என்று சொல்லும் கடைசி இரண்டு சொற்களில் மை ஊறியிருக்கிறது. கல்லில் வெட்டப்போகும் விஷயத்தை ஊகித்துச் சொல்லமாட்டேன் என்றார். எனக்கு அவரைப் பிடித்துக்கொண்டது.

பின்னேரம் 22 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் அந்த ஊருக்கும் போனோம். திராட்சை முந்திரிகைத் தோட்டங்கள், ஒரு தேவாலயம், பூட்டிய வெதுப்பகம். தேவாலயம் திறந்திருந்தது. எங்கள் சபையுடையது அல்ல. ஆனாலும் அன்றைக்குச் சிலுவைப்பாதைக்குப் போகாத குறைக்கு, பின் வாங்கில் உட்கார்ந்து ஒரு செபமாலை சொல்லி முடித்தேன்.

வெளியே வந்தபோது என் கணவர் கல்லறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கட பேரப்பிள்ளையளும் எங்களை வுப்பர்டால்காரர் எண்டுதான் வெட்டுவினம்."

"மூண்டு டெர்மினுக்குப் போய் மாத்தின கடுதாசி கிடக்குத்தானே. அதைப் பத்திரமா வையுங்கோ" என்றேன்.

கெவின் அங்கிருந்தே அப்பாவை அழைத்தார். எண்பது வருடம் அயர்லாந்துக்காரராக இருந்த மனிதர் குழம்பிப்போவார் என்று பயந்தோம். அவர் முதலில் கேட்டது, அங்கே மலை இருக்கிறதா என்று. கெவின் கைத்தொலைபேசியைத் திருப்பி மேற்கே தெரிந்த மலையைக் காட்டினார். கல்லில் ஊருக்கு இடம் விட்டுவைத்துப் பிறகு வெட்டலாமே என்றும் சொன்னார். சம்பந்தி இருமி முடித்துவிட்டுச் சொன்னதை டிலானி எங்களுக்குத் தமிழில் சொன்னாள்: "கல்லுக்குப் பிறகு எண்டு ஒண்டு இருக்கு. எனக்கு இல்லை."

இரவு 9.20க்கு வீடு. போக வர எரிபொருள் 92 யூரோ.

இப்படித் தேடப் போகிறவர்களுக்கு: ஆறு வாரத்துக்கு முன்பே டெர்மின் எடுங்கள். குளிர்ச்சட்டை வேண்டும், உள்ளே குளிரும். குடும்பத்தில் சொல்லிவந்த ஊரைக் கடைசியாக ஏறிய ஊர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சமயத்தையும் முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள், நாங்கள் இரண்டு வருடத்தை அதில்தான் விட்டோம்.

அந்த ஓரவரியின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். பழைய யேர்மன் கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள், இங்கே பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்கிற பிள்ளைகள் யாராவது, கடைசி இரண்டு சொல்லையும் பார்த்துச் சொல்லுங்கள். நிச்சயமில்லை என்றால் நிச்சயமில்லை என்றே எழுதுங்கள். கல் வெட்டுகிறவர் ஈஸ்டர் பாஸ்கு முடிந்த திங்கட்கிழமை தொடங்குகிறார். அதற்கு முன் பதில் வேண்டும்.